பின்வருவோர்க்கு எரியும் விளக்கு

தள்ளாடியிலிருந்து மன்னார்ப் பட்டினம் வரை ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரம் கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியும், பட்டினத்தைக் கடந்து தாராபுரம், பேசாலை வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை வரை நீளும் வீதியும் பகலில் எத்துணை இன்பமான பிரயாணத்தைத் தருகின்றனவோ, இரவில் அத்துணை எச்சரிக்கையைக் கோருகின்றன. 2010ஆம் ஆண்டில் ஜப்பானிய உதவியுடன் புதிய பாலமும் புதுப்பிக்கப்பட்ட தாம்போதியும் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும், யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு வழியாக ஏ-32 வீதியில் மன்னாரை நோக்கி வருவோருக்குப் பாதை எளிதாயிற்று. வீதி செம்மையுற்றபோது வேகமும் கூடவே வளர்ந்தது. மகா சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் செல்வோரும், ஆவணித் திருவிழாவுக்கு மடுமாதா சந்நிதானம் செல்வோரும், விடுமுறை நாள்களில் பைகளையும் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் சுற்றும் இளைஞரும், அதிகாலையில் மீன் ஏற்றிச் செல்லும் வியாபாரிகளும் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கும் இப்பிரதேசத்தில், அவ்வாகனத்தின் பின்புறத்தில் எரியும் சிறு செவ்விளக்கைப் பற்றி விரிவாகச் சிந்திப்பது அவசியமாகின்றது.

முன்விளக்கு மங்கினால் பாதை தெரியாது. ஓட்டுபவர் மறுநாளே கராஜை நாடுவார். பின்விளக்கு அணைந்துபோனாலோ, அவருக்கு யாதொரு குறையும் தோன்றுவதில்லை. அதனை அறிபவர் பின்னால் வருபவர் ஒருவரே. அவர் அதனை அறியும் கணமே விபத்து நிகழும் கணமாகவும் ஆகிவிடக்கூடும். தன் பொருட்டன்றிப் பிறர் பொருட்டு எரியும் விளக்காதலால்தான் அது அலட்சியத்துக்கு எளிதில் இலக்காகின்றது. ஆனால் அந்தப் பிறர் காணாவிடில் உயிரிழப்பவர் பெரும்பாலும் விளக்குக்கு உரியவரே என்பதை நினைவிற் கொண்டால், அவ்வலட்சியம் எத்துணைப் பேதைமை என்பது விளங்கும்.

மன்னாருக்கே உரிய சில காரணங்கள் இவ்வபாயத்தைப் பெருக்குகின்றன. பட்டினத்திலும் தீவின் வீதிகளிலும் உரிமையாளரின்றித் திரியும் கழுதைகள் உலகறிந்தவை. இரவில் அவை தார்வீதியின் மேலேயே நிற்பதும் படுப்பதும் உண்டு. சாம்பல் நிறமான அப்பிராணி, விளக்கொளியில் மிகக் கிட்டிய தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிகின்றது. முன்னால் செல்பவர் சட்டென்று பிரேக் பிடிக்கின்றார். அவருக்கு இருபது முப்பது மீற்றர் பின்னால் வரும் லொறிக்காரர் கழுதையைக் காணார். மோட்டார் சைக்கிளின் பிரேக் லைட் ஒன்றே அவருக்குக் கிடைக்கும் செய்தி. அச்செய்தி மங்கலாகவோ, தாமதமாகவோ, கிடைக்காமலோ போனால், கழுதைக்குத் தப்பியவர் லொறிக்குத் தப்புவதில்லை.

இரண்டாவது காரணம் மீன்பெட்டி. ஆசனத்தின் பின்பாதியிலும் கரியரிலும் கட்டப்படும் பெரிய ரெஜிபோம் பெட்டி, அல்லது பலகைப் பெட்டி, வாகனத்தின் பின்புறத்துக்கு வெளியே ஒரு சாண் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டுதானிருக்கும். ஆயினும் உயரமான ஆசனத்தில் அமர்ந்து வரும் பஸ் சாரதியின் கண்ணுக்கு அது எட்டாது. பெட்டியிலிருந்து வடியும் உப்புநீரும் ஐஸ் உருகிய நீரும் இடைவிடாமல் அவ்விளக்கின் மீதே சொட்டுகின்றன. நெடும்பிரயாணம் போவோர் கட்டும் பைகளும் கூடாரச் சுருள்களும் செய்யும் தீங்கும் இதுவே.

மூன்றாவது, கடற்காற்று. சோளகம் மணலையும் உப்பையும் அள்ளி வீசும். வாடைக்காலம் மழையைக் கொணரும். இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியை எடுத்துப் பாருங்கள். உட்புறத்தில் மெல்லிய புழுதிப் படலம்; மின்குமிழின் பித்தளை அடியில் பச்சை பூத்த களிம்பு; அது பொருந்தும் குழியில் வெண்பொடியாய் உறைந்த உப்பு; கண்ணாடிக் குமிழின் மேற்பகுதியில் புகையேறியதுபோற் கருமை. இந்நிலையிலும் விளக்கு எரியக்கூடும். ஆனால் அதற்குரிய ஒளியில் எத்தனை பங்கு வெளியே வருகின்றது என்பதை வாகனத்துக்கு உரியவர் ஒருபோதும் அறியார்.

எல்.ஈ.டி. தரும் நன்மை

சாதாரண மோட்டார் சைக்கிளின் பின்விளக்கில் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் இரட்டை இழைக் குமிழ் ஒன்றிருக்கும். அதன் 5 வாட் இழை இரவு முழுவதும் எரிவது. 21 வாட் இழை பிரேக் பிடிக்கும்போது எரிவது. முதலாவது ஏறக்குறைய 35 லூமன் ஒளியையும், இரண்டாவது ஏறக்குறைய 440 லூமன் ஒளியையும் தரவேண்டுமென்பது சர்வதேச அளவுகோல். ஒன்று மற்றதைப் போலப் பன்னிரண்டு மடங்கு பிரகாசமாயிருப்பது தற்செயலன்று. பின்னால் வருபவர் "வாகனம் செல்கின்றது" என்ற செய்திக்கும் "வாகனம் நிற்கப்போகின்றது" என்ற செய்திக்குமிடையே ஐயமின்றி வேறுபாடு காணவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இழை சூடேறிய பின்னரே ஒளிரும். முழுப் பிரகாசத்தை அடைய அதற்கு ஏறக்குறைய 0.2 விநாடி வேண்டும். எல்.ஈ.டி.யோ மின்சாரம் பாய்ந்த அக்கணமே முழுமையாக ஒளிரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 0.2 விநாடியில் 3 மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்துவிடுகின்றது. மோதுவதற்கும் மோதாமல் நிற்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம் பல வேளைகளில் இந்த 3 மீற்றருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. மேலும், மெல்லிய இழை குலுக்கத்தில் அறுந்துபோகும், எல்.ஈ.டி.யில் அறுவதற்கு இழை இல்லை. மின்சாரச் செலவும் மிகக் குறைவாதலால், பற்றரிக்கும் சுமை குறைகின்றது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹொலொன்யாக் கட்புலனாகும் ஒளியைத் தரும் எல்.ஈ.டி.யை முதன்முதலில் உருவாக்கியபோது, அது தந்த நிறமும் சிவப்பே. பின்விளக்குக்கு அச்சாதனம் இயல்பாகவே பொருத்தமானது என்று கொள்ளலாம்.

ஆனால் "எல்.ஈ.டி. போட்டாயிற்று, இனிக் கவலையில்லை" என்று இருந்துவிடலாகாது. தவறாகப் பொருத்திய எல்.ஈ.டி., சுத்தமான பழைய குமிழைக் காட்டிலும் ஆபத்தானது.

தவறாகப் பொருத்துவதால் விளையும் அபாயங்கள்

முதலாவது, நிறம் பற்றியது. வெண்ணிற எல்.ஈ.டி.யின் ஒளியில் நீலமும் மஞ்சளும் மிகுதி. சிவப்புக் கூறு குறைவு. அதனைச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால், பெரும்பகுதி ஒளி அக்கண்ணாடியிலேயே மறிக்கப்பட்டுவிடும். மங்கிய இளஞ்சிவப்பே வெளிப்படும். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.ஈ.டி.யே ஏற்றது, செம்மஞ்சள் நிறச் சிக்னலுக்குச் செம்மஞ்சள் எல்.ஈ.டி.யே ஏற்றது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல மோட்டார் சைக்கிள்களில் பின்விளக்கின் அடிப்புறத்திலுள்ள நிறமற்ற சிறு சாளரத்தின் வழியாக அதே குமிழின் ஒளிதான் இலக்கத் தகட்டிலும் விழுகின்றது. சிவப்பு எல்.ஈ.டி.யை இட்டால் தகடும் சிவந்து, எண்களை வாசிக்க இயலாமற் போகும். ஆகையால் அடிப்புறத்தில் மாத்திரம் வெண்ணிற ஒளி தரும் வகையைத் தேர்தல் வேண்டும்; அல்லது தகட்டுக்கெனத் தனியாக ஒரு சிறு வெள்ளை விளக்கைப் பொருத்துதல் வேண்டும்.

இரண்டாவது, ஒளி பரவும் முறை. பழைய விளக்கின் கிண்ணம், நடுவிலுள்ள இழை நாற்புறமும் ஒளி வீசும் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்டது. நேர்பின்னால் மட்டும் ஒளி வீசும் மலிவான எல்.ஈ.டி. குமிழை அதிலிட்டால், நேர்பின்னால் நிற்பவருக்குக் கண் கூசும். பக்கவாட்டில் சந்தியிலிருந்து திரும்புபவருக்கோ விளக்கு இருப்பதே தெரியாது. இக்காரணத்தால், குமிழை மாத்திரம் மாற்றுவதைவிட, எல்.ஈ.டி.க்கென்றே அமைந்த முழு விளக்கையும் மாற்றுவது மேலானது. ஐரோப்பிய முறைப்படி பரிசோதிக்கப்பட்ட விளக்கின் கண்ணாடியில், வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் அதனைத் தேடிப் பார்த்தல் நன்று. பொறிப்பையே போலியாக இடுவாரும் உளராதலால், நம்பிக்கையான கடையில் வாங்குதலும் வேண்டும்.

மூன்றாவது, பிரகாசத்தின் பேதம். சில மலிவுச் சரக்குகளில் இரவு முழுவதும் எரியும் விளக்கும் பிரேக் விளக்கும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் எரிகின்றன. பகலிற் பார்த்தால் "நல்ல வெளிச்சம்" என்று தோன்றும். இரவிலோ, பிரேக் பிடித்தது பின்னால் வருபவருக்குப் புலப்படாது. விளக்கின் பயன் வெளிச்சத்தின் மிகுதியில் இல்லை. அது தெரிவிக்கும் செய்தியின் தெளிவிலேயே உள்ளது.

நான்காவது, சிக்னல் விளக்கு. அதனை விட்டுவிட்டு எரியச் செய்யும் பிளாஷர், பழைய குமிழ்களின் மின்சுமையைக் கணக்கிட்டு இயங்குவது. எல்.ஈ.டி.யின் சுமை சொற்பமாதலால், சிக்னல் படபடவென்று அதிவேகமாகத் துடிக்கும். அல்லது அசையாமல் எரிந்து நிற்கும். எல்.ஈ.டி.க்குரிய பிளாஷரை மாற்றுவதே செம்மையான பரிகாரம். சிலர் சுமையேற்றும் ரெசிஸ்டரை இணைப்பர். அது கடுமையாகச் சூடேறுமாதலால், பிளாஸ்ரிக் பாகத்தின் மீதோ வயர்க்கட்டின் மீதோ ஒட்டவைப்பது தீவிபத்துக்கு வழிகோலும்.

ஐந்தாவது, மின்சாரத்தின் தன்மை. சில பழைய சிறிய ரக மோட்டார் சைக்கிள்களில் விளக்குகளுக்குப் பற்றரியிலிருந்தன்றி, எஞ்சினோடு சுழலும் மக்னெற்றோவிலிருந்து நேரே ஆடலோட்ட மின்சாரம் வருகின்றது. அதில் எல்.ஈ.டி. துடிதுடித்து விரைவிற் கருகிவிடும். எஞ்சினை இயக்காமல், திறப்பைப் போட்டு விளக்குச் சுவிற்சை மாத்திரம் தட்டிப் பாருங்கள்; பின்விளக்கு எரிந்தால் பற்றரி மின்சாரமே வருகின்றது என்று அறியலாம்.

செய்யவேண்டிய முறை

வேலையை நடத்தும் வரிசை கடினமானதன்று. முதலில் குழியிலுள்ள களிம்பையும் உப்பையும் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும். பின்னர் எர்த் வயர் சட்டத்தோடு சேருமிடத்தைத் துருநீக்கி இறுக்கவேண்டும். கடற்கரைப் பிரதேசத்தில் விளக்கு மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் குமிழன்று, இந்த எர்த் இணைப்பே. வயர்களை வெறுமனே முறுக்கி நாடா சுற்றுவதைத் தவிர்த்து, ஈயம் வைத்துச் சூட்டில் சுருங்கும் குழாயால் மூடவேண்டும். இணைப்புகளின் மீது மின்பாகங்களுக்குரிய கிரீஸ் பூசினால் உப்புக்காற்று அணுகாது. விளக்கின் உறையில் ஐ.பி. 67 என்ற குறி இருந்தால், தூசு புகாத, ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினும் கெடாத அமைப்பு என்று பொருள்.

மீன்பெட்டி கட்டுவோரும் நெடும்பிரயாணப் பெட்டி கட்டுவோரும், பெட்டியின் பின்முகத்திலேயே, மேற்புறத்தில் இரண்டாவது எல்.ஈ.டி. பின்விளக்கையும் பிரேக் விளக்கையும் அமைத்துக்கொள்வது உத்தமம். உயரத்தில் வைத்த பிரேக் விளக்கு பின்மோதல்களைக் குறைக்கும் என்பது அநுபவத்தாற் கண்ட உண்மை. 1974ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து வாடகைக் கார்களில் செய்யப்பட்ட பரிசோதனையைத் தொடர்ந்து வளர்ந்த ஆராய்ச்சியின் பயனாகவே, 1986ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் அத்தகைய மூன்றாவது விளக்கு அமெரிக்காவிற் கட்டாயமாக்கப்பட்டது. பெட்டியைக் கழற்றும்போது வயரும் கழன்று வரும்படி, நீர் புகாத ஒரு பிளக்கை இடையில் வைத்தால் போதும். இவற்றோடு சிவப்பு ரிப்ளெக்டர் ஒன்றையும் தவறாமற் பொருத்துக. பற்றரி இறந்தாலும், வயர் அறுந்தாலும், பிறருடைய ஒளியைத் திருப்பி அனுப்பி அது தன் கடமையைச் செய்யும்.

எல்லாம் முடிந்த பின் இருட்டில் பரிசோதனை செய்யவேண்டும். ஒருவரை ஐம்பது அடி பின்னால் நிற்கச் செய்து, முன்பிரேக்கைத் தனியாகவும் பின்பிரேக்கைத் தனியாகவும் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு சுவிற்சுகள் உண்டாதலால், ஒன்று வேலை செய்வது மற்றதற்கு அத்தாட்சியாகாது. அவர் இருபுறமும் நடந்து, எவ்வளவு தூரம் விலகும் வரை விளக்குத் தெரிகின்றது என்று பார்த்தல் வேண்டும். சாமான்களை முழுமையாகக் கட்டிய நிலையிலேயே இப்பரிசோதனை நடைபெறல் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

சட்டமும் உரிமையும்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழமைந்த விதிகளும் நமது வீதிகளை ஆளுகின்றன. இரவில் முன்புறம் வெண்ணொளி, பின்புறம் செவ்வொளி, வாசிக்கத்தக்கதாக ஒளிபெற்ற இலக்கத் தகடு என்பன அடிப்படைக் கடமைகள். பின்புறத்தில் நீலமோ பச்சையோ எரியவிடுவதும், பொலிஸ் வாகனத்தையும் அம்புலன்சையும் போலச் சிமிட்டும் விளக்குகளை மாட்டுவதும் குற்றத்துக்கு இடமளிப்பவை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த அனுமதியற்ற அலங்கார விளக்குகளுக்கும் உபகரணங்களுக்கும் எதிராகப் பொலிஸார் நாடெங்கும் நடவடிக்கை எடுத்ததை வாசகர் நினைவுகூர்வர். விளக்கமைப்பைப் பெரிதும் மாற்ற எண்ணுவோர், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவதும், காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவிப்பதும் விவேகம்.

பொருளை வாங்கியவருக்கும் உரிமைகள் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வர்த்தகர் கடமைப்பட்டவர். பொருள் தரக்குறைவாயினும், உத்தரவாதம் மீறப்படினும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அவ்வதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். ஆகவே பற்றுச்சீட்டில் விளக்கின் பெயர், வோல்ட் அளவு, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதித் தரும்படி கடையிலேயே கேளுங்கள். கராஜில் வேலை செய்வித்தாலும், செய்த வேலையைக் குறிப்பிட்ட சீட்டு ஒன்றைப் பெறுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால், 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்சையும், 119 என்ற இலக்கத்தில் பொலிஸையும் அழையுங்கள். வட மாகாணத்தில் தமிழே நிருவாக மொழி. முறைப்பாட்டைத் தமிழிற் கூறுவதும், அது தமிழிலேயே எழுதப்படக் கோருவதும், விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையொப்பமிட மறுப்பதும் உங்கள் உரிமை. உடற்காயத்துக்கோ பொருட்சேதத்துக்கோ நட்டஈடு கோரும் வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தொடரவேண்டும். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் துணையை நாடலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 1968ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணமாயின், அதன் விகிதத்துக்கேற்ப அவருடைய நட்டஈடு குறைக்கப்படும். லொறிக்காரர் வேகமாக வந்தது உண்மையாயினும், "முன்னால் சென்ற மோட்டார் சைக்கிளில் பின்விளக்கு எரியவில்லை" என்பது நிரூபணமானால், காயமுற்றவரின், அல்லது அவரை இழந்த குடும்பத்தின், கோரிக்கை அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும். எரியும் பின்விளக்கு உயிரைக் காப்பதோடு நியாயத்தையும் காக்கின்றது.

ஊர் ஏற்கவேண்டிய கடமை

தனி மனிதர் தம் கடமையைச் செய்துவிட்டால் மாத்திரம் இரவு வீதி பாதுகாப்பாகிவிடாது. காலபோக அறுவடையின்போது கட்டுக்கரைக்குளத்துப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றி வரும் உழவு இயந்திரப் பெட்டிகளும், லான்ட்மாஸ்டர்களும், சைக்கிள்களும் பின்விளக்கோ ரிப்ளெக்டரோ இன்றி வருமாயின், மோட்டார் சைக்கிள்காரர் அவற்றின்மேல் மோதவே நேரும். தெருவிளக்குகளின் பொறுப்பு நகர சபையையும் பிரதேச சபைகளையும் சார்ந்தது. பிரதான வீதிகளின் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சார்ந்தது. அணைந்து கிடக்கும் விளக்கு எப்போது திருத்தப்படும், அதற்கென ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தம் தீர்மானத்தைத் தெரிவிக்கவேண்டும்.

மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும், ஆலய பரிபாலன சபைகளும், பங்குச் சபைகளும், கராஜ் நடத்துவோரும் ஒன்றுகூடி, சிவராத்திரிக்கும் மடுத் திருவிழாவுக்கும் முந்திய வாரத்தில் பின்விளக்குப் பரிசோதனை நாளொன்றை நடத்துவார்களாயின், பெருஞ்செலவின்றிப் பெரும்பயன் விளையும். குமிழின் விலையை மாத்திரம் பெற்று, கூலி வாங்காமற் பொருத்திக் கொடுக்கும் இளைஞர் இருவரும், இருட்டில் ஐம்பது அடி பின்னால் நின்று பார்த்துச் சொல்லும் ஒருவரும் இருந்தாற் போதும். ஓட்டும்போது தம் பின்விளக்கை எவரும் தாமே கண்டறிய இயலாதாகையால், அதனை ஒருவர்க்கொருவர் பார்த்துச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. சந்தியில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் விளக்கு எரியாதிருக்கக் கண்டால், "தம்பி, பின்லைட் எரியேல்ல" என்று சொல்லிவிட்டுப் போவது நமது வழக்கமாகட்டும்.